ரேஞ்சர் வீட்டில் வைத்த பரஸ்தானம்

தென்காசி
தாது வருஷம், ஆனி மாதம்

சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை வேதாவும் சுகம், ரங்கூனில் உன் உடம்பும் அப்படியே இருக்க விசுவநாதரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், நான்தான் இன்னும் போகவில்லை. உன் அப்பாவை வயநாட்டுக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பதறாமல் கடைசிவரைக்கும் படி.

போன வருஷத்து மலைக்காய்ச்சல் அவரை எப்படி உருக்கிப் போட்டது என்று உனக்கு எழுதியிருந்தேன். வயநாட்டில் இவருக்கு முன்னால் இருந்த குமாஸ்தா காய்ச்சலிலேயே போய்விட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலும் புறப்படச் சொன்ன நாள் புதன்கிழமை, வடக்கே சூலம், போதாததற்கு அஷ்டமி. வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிக் கொடுத்தால் தசமியில் அனுப்பலாம் என்று, ரேஞ்சரைக் கேட்கச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். ரேஞ்சர் அருமைநாயகம் நீ கப்பல் ஏறிய பிறகு வந்தவர். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், தனி ஆள், பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர். அப்பா அவருக்குக் கீழே இத்தனை நாள் வேலை பார்த்தும் சாப்பிட்டீரா என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, உத்தரவு புதன்கிழமை என்றால் புதன்கிழமைதான் என்று சொல்லிவிட்டாராம். கல்லுக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று திட்டினேன். அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு வழியில்லாமல் திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம் வைத்தேன். நீ போகும்போதும் வைத்தோமே, வேட்டி துண்டோடு ஒரு மஞ்சளும் சேர்த்து மூட்டை கட்டி, போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்ட கணக்கு, பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. மூட்டை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. வடக்குத் தெரு முத்துவடிவு அத்தை வீட்டில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பார்த்து, சிவகிரியில் அவள் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் நாங்கள் காலையில் மூட்டையை எப்படி எடுப்போம் என்று, நல்லது செய்கிற நினைப்பில், அதைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள் அந்த மகராசி. வந்து சேர்ந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

பாதி வழியில் ரேஞ்சர் வீடு. வாசலில் நின்றவர் என்ன மூட்டை, ஏன் இந்த ஓட்டம் என்று விசாரித்திருக்கிறார். அவளும் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். "அத இங்கன வச்சிட்டுப் போங்கம்மா. இதுவும் வடக்குதான்" என்றாராம். அத்தை வந்து சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. வேதக்காரருக்குச் சூலம் ஏது, வடக்கு ஏது? அப்பாவைக் கேட்டால், அன்றைக்கு முழுக்க ஆபீசில் ரேஞ்சர் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறார்.

புதன்கிழமை காலையில் போனால், முன்கூடத்தில் அவருடைய நாற்காலியிலேயே மூட்டையை வைத்திருந்தார். நான் கட்டியதைவிட அது பெருத்திருந்தது. என் குணம்தான் உனக்குத் தெரியுமே, ரயிலில் ஏற்றுவதற்குள் ஒரு முனையை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். உள்ளே மலைக்காய்ச்சலுக்குக் குடிக்கிற கொயினா மருந்துப் புட்டி, கொசுவலை, முழங்கையில் ஒட்டுத் தைத்த ஒரு கம்பளிச் சட்டை. ஸ்டேஷனுக்கும் அவர் வந்தார், வந்து எட்டத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது அப்பா கும்பிட்டார், அவர் தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான்.

எனக்கு இருப்புக் கொள்ளுமா? மறுநாள் அவர் ஆபீசுக்குப் போன பிறகு நாலு முறுக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வேலையாள் மாடனைப் பிடித்தேன். முன்கூடமெல்லாம் தூசி, காற்றில் வந்து விழுந்த சருகு. இதைப் பெருக்கக் கூடவா உனக்கு வலிக்கிறது என்று கேட்டேன். "ஐயாதான் பெருக்க விடமாட்டேங்காரு ஆச்சி. மூட்டை வந்த அன்னைக்கே, இதுக்கு என்னென்ன முறை உண்டுன்னு எங்கிட்ட கேட்டாரு. ஊரு போய்ச் சேந்த சேதி வார வரைக்கும் புறப்பட்ட வீட்டப் பெருக்கக் கூடாதுன்னு சொன்னேன்" என்கிறான். அப்படி ஒரு முறை எந்த ஊரில் இருக்கிறது? புறப்பட்டவர் தெருமுனை தாண்டினால் போதாதா? இவன் தெரியாமல் சொன்னானோ, வாரியலைத் தொடச் சோம்பல்பட்டுச் சொன்னானோ. நான் திருத்தவில்லை, திருத்த மனம் வரவில்லை. உன் அப்பா நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமென்று இன்னொரு வீட்டிலும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

நேற்று அப்பாவின் கார்டு வந்தது. சுகமாகச் சேர்ந்தாராம், குளிருக்குக் கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறதாம், கொயினாதான் கசக்கிறதாம். வேதாவை அனுப்பாமல் நானே ஓடினேன். காலடியில் சருகும் மண்ணுமாகக் கிடக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சேதியைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். நான் படி இறங்குவதற்குள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே மாடா, வாரியல எடுத்துட்டு வா."

நீயும் அப்பாவுக்கு எழுது, விலாசத்தை வேதா அடியில் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே, கண்ட நேரத்தில் சாப்பிடாதே. உன் கார்டு வந்து வெகு நாளாகிறது. மாடன் சொன்ன முறையை நானும் பிடித்துக்கொண்டால் இந்த வீடு என்ன கதியாகும் என்று யோசித்து, இதைக் கண்டதும் ஒரு வரியாவது போடு. குற்றாலநாதர் உனக்குத் தீர்க்காயுசும் சகல க்ஷேமமும் தர வேண்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் அம்மா
பார்வதியம்மாள்