கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திய கடிதம்

அக்கா,

பட்டுப்புடவை எடுக்கலாமென்று இன்று பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குப் புடவை வாசமே இல்லை. காலையில் நீங்கள் சாவி போட்டுத் திறந்ததும் நம் மியூசியத்திலிருந்து வருமே, அந்த வாசம்.

கோயம்புத்தூரில் அந்தச் சின்ன மியூசியத்துக்கு நான் பொறுப்பாளர். நீங்கள் டிக்கெட் கிழிப்பீர்கள், கண்ணாடி துடைப்பீர்கள். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஒன்று நடுக்கூடத்தில் இருந்தது. அதற்கு எம்.ஏ. படித்த நான் எழுதி வைத்த அட்டை: ‘நீர் இறைக்கும் சாதனம். தோல், மரம், கயிறு.’ வந்தவர்கள் அதைப் பார்த்த மாதிரியும் பார்க்காத மாதிரியும் நகர்ந்து போவார்கள்.

நீங்கள் பக்கத்தில் வந்து, “ஏனுங்க, எந்த ஊருங்க?” என்பீர்கள். அவ்வளவுதான், கூட்டம் நின்றுவிடும்.

“எங்கப்பன் தோட்டத்துக்காரருக்குக் கவலை ஓட்டுனவருங்க. மாடு எறக்கத்துல போறப்ப கயித்து மேல உக்காந்துக்குவாரு. அவரு மடியில நானு. ஊஞ்சலாட்டமா இருக்குமுங்க. மேல வாரப்பத்தான் நடக்கோணும்.”

பிறகு கயிற்றை எடுத்துக் குழந்தைகள் கையில் கொடுப்பீர்கள். “புடிச்சுப் பாரு கண்ணு.”

எனக்குப் பொறாமை, அக்கா. வேறு பெயர் வைக்க முடியாது. அவிநாசியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்று, அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சுப்போட்டு நீங்களே எடுத்துக் கொடுக்கறீங்களா? உங்க வேலை கண்ணாடி தொடைக்கறது.” நீங்கள் கயிற்றை மெல்லக் கீழே வைத்தீர்கள். “சரிங்க அம்மணி, இனிக் குடுக்கலீங்க.” மறுவாரம் கயிறு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அதையும் நீங்கள்தான் துடைத்தீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மியூசியத்துக்கு இணையப் பக்கம் வேண்டுமென்றார் செயலாளர். என் அட்டை வாசகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இத யாருங்க படிப்பாங்க? நேர்ல ஒருத்தர் நின்னு பேசற மாதிரி எழுதுங்க” என்றார்.

அப்படிப் பேச எனக்குத் தெரியாது. தெரிந்தவரின் வாயை நானே அடைத்திருந்தேன். அதனால் உங்கள் கதையை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில், ‘என் அப்பாவின் மடியில் நான்’ என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். என் அப்பா பாங்க் மேனேஜர். அவர் மாட்டுக் கயிற்றைக் கையால் தொட்டதில்லை. உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் ஒரு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் வெள்ளகோவில்காரர். செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அச்செடுத்து, வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே குத்திவைத்தார்.

“என்னங்க அம்மணி போட்டிருக்குது?” என்று கேட்டீர்கள். ஆங்கிலம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது.

“மியூசியம் நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க.”

“நல்லதுங்க” என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் துடைத்தீர்கள். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போகப் பழகிக்கொண்டேன்.

நீங்கள் காலமானபின் பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட வேண்டுமென்றுதான் வந்தேன். உங்கள் மகள் காபி கொடுத்து, “அம்மா உங்களப் பத்தி எந்நேரமும் பெருமையாச் சொல்லுவாங்க மேடம்” என்றாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இணையப் பக்கம் இப்போது இல்லை. போர்டிலிருந்து நான் எடுத்து வந்த அந்தக் காகிதம் மட்டும் பீரோவில், புடவைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசத்தோடு இருக்கிறது. அன்று நீங்கள் கேட்டதற்கு இன்று தமிழில் படித்துச் சொல்கிறேன், கேளுங்கள்:

‘என் தாத்தாவும் அந்தக் கயிற்றில் உட்கார்ந்து போனவர்தான். அவரைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பா இருந்தால், முகம் தெரியாத ஒருவன் அவரை வணங்கினான் என்று சொல்லுங்கள்.’

அக்கா, அது உங்கள் அப்பாவுக்கு வந்த கடிதம். தினமும் காலையில் நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று துடைத்தது அதைத்தான்.