எண்ணெய் மூடிக்குள் ஒரு மேகம்

டிசம்பர் 2, செவ்வாய்

நாட்குறிப்பே, நிமிர்ந்து உட்கார். உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை இன்று முதல் உனக்குச் சொல்லப்போகிறேன். சத்தியம். என் சத்தியத்துக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்பது உனக்கே தெரியும். "மழை பெய்யுதுன்னு மாமா சொன்னா, ஜன்னலுக்கு வெளியே கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்பணும்." இது அக்கா மகள் இயற்றிய சட்டம், இன்றுவரை அமலில் இருக்கிறது.

காலையில் அத்தானுடைய காரில், இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்தேன். அந்தக் காரைச் செய்த பிறகுதான் சாலை என்ற ஒன்றையே போட்டார்கள் என்று கேள்வி. மூடிக்குள் ஒரு மேகம் குடியிருந்தது. சரி, மேகம் இல்லை. காபி நிறத்தில் பாலாடை மாதிரி ஒரு கொழகொழப்பு, மூடி முழுக்க. உள்ளே யாரோ பசுவைக் கட்டிக் கறக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது.

அத்தானிடம் சொல்லவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வண்டி ஓட்ட முடியாது. ஆனால் தினமும் காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஷெட்டுக்கு வருவார். உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். ஐந்து நிமிடம் சத்தத்தைக் கேட்பார். அணைத்துவிட்டுத் திரும்புவார். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதில் டாக்டர், மாத்திரை, அக்கா, நான் எல்லோரும் தோற்றுவிட்டோம். ஜெயித்தது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

டிசம்பர் 4, வியாழன்

மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். மனிதர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியையே மறுபடி பார்த்தார். எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். தண்ணீர் வர இரண்டு வழி. ஒன்று, ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ கசிந்து உள்ளே வருவது. அப்படியானால் வண்டிக்குச் சங்குதான். இன்னொன்று, வெறும் காற்றிலிருக்கும் ஈரம். குளிர்ந்த இன்ஜினுக்குள் வியர்த்து நிற்கும். வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் ஆவியாகிப் போய்விடும். சூடேறும் முன்பே அணைத்தால் உள்ளேயே தங்கிவிடும்.

"யாராவது ஓட்டாம, சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அணைக்கிறாங்களா?"

அவர் வாயைப் பொத்தாத குறைதான். ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். பிறகு நான் எழுதிக்கொடுத்த வசனத்தை அவர் அத்தான் முன்னால் அப்படியே ஒப்பித்தார்: "இது ஒண்ணுமில்லீங்க. வயசான இன்ஜின் வெண்ணெய் கட்டும். ஆரோக்கியத்துக்கு அறிகுறி." எப்பேர்ப்பட்ட நடிகர்! அத்தானுக்கு ஒரே பெருமை. "கேட்டியா மாப்ள, வெண்ணெயாம்" என்று இரவு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏன் சொன்னேன்?

டிசம்பர் 6, சனி

அத்தான் ஷெட் வாசலில் வழுக்கி விழுந்தார். அடி இல்லை. ஆனால் அக்கா பயந்துவிட்டாள். அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அது வெண்ணெயும் இல்ல, மண்ணும் இல்ல. தெனம் நீங்க ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறீங்களே, அதுல சேர்ந்த தண்ணி. நீங்கதான் அந்த வண்டியக் கொல்றீங்க."

அத்தான் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட் செய்ய யாரும் வரவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஒரு திட்டம் போட்டேன். மூடியைத் துடைத்து, பழைய எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றி, நீண்ட தூரம் ஓட்டிப் பார்ப்பது. வெறும் ஈரம் என்றால் காய்ந்துவிடும். பிறகு வாராவாரம் அத்தானை ஏற்றிக்கொண்டு ஊர்வலம். காலையில் அவர் பாட்டுக்கு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். கூப்பிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தனியாகப் போனேன்.

நெடுஞ்சாலையில் மூன்று லாரிகளை முந்தினேன். ஒரு விமானம் எனக்கு வழிவிட்டது. சூடு காட்டும் முள் நடுவில் வந்து நின்றது. அதற்கப்புறமும் விடாமல் ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தால், பின்னால் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரைத் திறந்தேன்; தண்ணீர் இறங்கியிருந்தது. மூடிக்குள் மறுபடி அதே பாலாடை.

அப்படியானால் கசிவது ரேடியேட்டர் தண்ணீர்தான்; வண்டி அவ்வளவுதான். அப்படியானால் — அத்தான் மேல் தப்பில்லை! நடுத்தெருவில் நின்று சிரித்தேன். வண்டி செத்ததற்குச் சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மெக்கானிக் இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டார். உலோகத்தில், தண்ணீர் ஓடும் துளையை ஒட்டி, ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நகம் அளவு. ரொம்ப நாளைய விரிசலாம், ஸ்டார்ட் செய்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். இந்தக் காருக்கு மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்காது என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. அந்தக் கனமான பாகத்தையும் மெக்கானிக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தான், இங்க பாருங்க. தண்ணி இது வழியாத்தான் போயிருக்கு. உங்களால இல்ல."

மெக்கானிக் தன் தலையில் கைவைத்து, பெற்ற பிள்ளைமேல் ஆணையிட்டார். அத்தான் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நீதானப்பா வெண்ணெய்னு சொன்ன?"

விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை நீட்டவில்லை. "எந்த வண்டியோடதோ" என்றார். பிறகு சொன்னார்: "மாப்ள, எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்க. கத நல்லாத்தான் இருந்துச்சு. போய்ச் சாப்பிடு."

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 15, திங்கள்

அக்காவும் சொல்லிப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததாக அத்தானின் தீர்ப்பு. அக்கா மகள் போனில், "மாமா, நிஜமாவா?" என்றாள். நிஜம்தான் என்றேன். "சரி மாமா" என்றாள். அந்த "சரி" எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறவளின் "சரி".

டிசம்பர் 19, வெள்ளி

பழைய இரும்புக்காரர்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். அத்தான் எழுந்து வரவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் எழுவதில்லை. ஷெட்டின் தரையில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது.

எழுதியதையெல்லாம் ஒருமுறை புரட்டினேன். மேகம் பொய். பசு பொய். விமானம் பொய். நான் லாரிகளை முந்தவில்லை, அவைதான் என்னை முந்தின. நடுத்தெருவில் சிரித்ததும் பொய்; ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நகம் அளவுக்கு ஒரு விரிசல் இருந்ததே, அது மட்டும் நிஜம்.