வாசலில் போட்ட நாற்காலி

குற்றாலம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ரூபிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே. நான் நலம்; சாரலில் லேசான தும்மல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. புதன்தோறும் தடுப்பூசி நிலையத்தின் வாசலில் நாற்காலி போட்டு, வரும் தாய்மார்களை எண்ணினேன் அல்லவா? மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்று அறிக்கையும் அனுப்பிவிட்டேன். நேற்றும் வழக்கம்போல் அங்கே உட்கார்ந்திருந்தேன்; மழை வலுத்ததால் எதிர் டீக்கடையில் ஒதுங்கினேன். நான் நகர்ந்ததுதான் தாமதம், குடையும் கைக்குழந்தையுமாகப் பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். திகைத்துப்போய்க் கடை நடத்தும் மிஸ்ரியாவிடம் கேட்டேன்.

"ஊசி போடுத தேதி தப்புனவ பேர எழுதிட்டுப் போவ வந்த ஆபீசர்னுல்லா உங்கள நெனைக்காளுவ! நீங்க வாசல்ல இருந்தா எவ வருவா, அண்ணாச்சி?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தென்காசியில் கூட்டம். என் அறிக்கையை நம்பித்தான் அந்த நிலையத்தை மூடப்போகிறார்கள். மூடினால் இந்தப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். குழந்தை நல ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவன், 'அவர்களை வரவிடாமல் செய்ததே நான்தான்' என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? காலையிலிருந்து அறைக்குள்ளேயே நடக்கிறேன். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மப்ளரை அனுப்பு. சின்ன ஃபிளாஸ்க்கையும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு போன் போடு. எதைப் பற்றியாவது பேசு.

திருத்திய அறிக்கையைத் தென்காசிக்கு இந்தக் கடிதத்தோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன். போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன்,
தேவதாசன்