செல்வி ஊரில் கட்டிக்கொண்ட காப்பு

மார்ச் 14, சனி
நல்ல வெயில். மதுரையிலிருந்து பேரையூர் பஸ், ஜன்னல் சீட். செல்வியின் ஊருக்கு. அவள் என் வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாளை அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு.

நூலகத்தில் ஒரு பயணக் கட்டுரை படித்தேன். சுற்றுலா போகிறவர் பார்த்துவிட்டு வருவார். பயணி அந்த ஊரோடு இருந்துவிட்டு வருவார். நான் பயணி. விதிகள்: போட்டோ கூடாது. பாட்டில் தண்ணீர் கூடாது. அவர்கள் செய்வதையெல்லாம் செய்ய வேண்டும்.

செல்வி அம்மா: "பானைத் தண்ணி குடிப்பியா பாப்பா?" இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு
செல்வியின் தெருக்காரர்கள் கோயிலுக்குள் வந்து காப்புக் கட்டுவது போன வருடத்திலிருந்துதானாம். அதுவரை வெளியே நின்று கும்பிட்டார்களாம். சொல்லும்போது செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்கள் வரிசையில் நானும். செல்வி முன்னால் குலவை போடுகிறவர்களோடு. பூசாரி கேட்டார், "யாரு வீட்டுப் புள்ள?" "செல்வி வீடு" என்றேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அவ்வளவு சந்தோஷம். சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டேன், எனக்கு மட்டும் தெரிய.

மார்ச் 16, திங்கள்
முதல் பஸ். மதியம் அறிவியல் தேர்வு. செல்வி எழுதவில்லை, திருவிழா முடிகிறவரை லீவாம். பஸ் கிளம்பியதும் கை ஆட்டினேன். கயிறு வெளியே தெரிந்தது. செல்வி அம்மா முகம் மாறியது. பஸ் பின்னாலேயே ஓடி வந்தார். பிரிய மனமில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினேன்.

தேர்வுக்காக அணைத்த போனை இருட்டிய பிறகுதான் போட்டேன். உடனே செல்வி. காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ராத்திரி வேறு ஊரில் தங்கக் கூடாதாம்.
"எவடி ஒன்னயக் கட்டச் சொன்னா?"
"எல்லாரும் கட்டுனீங்களே."
"நாங்க திருவிழா முடியிறவர இங்கயே கெடக்குறவக."
கடைசி பஸ் போயிருக்கும். அப்பா கப்பலூர் ஆலையில், ராத்திரி ஷிப்ட். அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்
தூக்கமே இல்லை. அம்மனை நினைத்துக் கொஞ்சம் பயம். காலையில் மறுபடி செல்வி, போனில் கிசுகிசுப்பாக. மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்களாம்: "மதுரைப் புள்ள காப்போட போயிருச்சாமே. இதுக்குத்தான் ஒங்கள உள்ள விட்டமா?" செல்வி அம்மா பதறிப்போய், "போகலண்ணே. காச்சல், உள்ள படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டார்.
"சாயங்காலம் வாரோம். புள்ளையக் காட்டணும்."

மதியம்வரை தயங்கி அம்மாவிடம் சொன்னேன். "ஊரு பாக்கப் போனியா, அந்த வீட்டுல தீய வைக்கப் போனியா?" அடித்திருந்தால் தேவலை. பீரோவைத் திறந்து என் துணிகளைப் பையில் திணித்தாள். திருவிழா முடிகிறவரை நான் அங்கேதான்.

டோல்கேட்டில் வண்டிகள் வரிசை. திருமங்கலத்தில் டிரைவர் டீ குடித்தார், மெதுவாக. சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊருக்கு முன்பே இறங்கினோம். அங்கே காத்திருந்த செல்வி என்னைப் பருத்திக்காடு வழியாகக் கூட்டிப்போனாள். "பேசாம வா." அம்மா மட்டும் ரோட்டு வழியாக, காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தவளாக.

செல்வி அம்மா என் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க போயிருவீக அக்கா. நாங்க இங்கதான இருக்கணும்." அம்மா ஒரு துணியை நனைத்துப் பிழிந்தாள்.

பாய், போர்வை, நெற்றியில் ஈரத்துணி. வந்தார்கள். ஒருவர் வாசலில் நின்றே டார்ச் அடித்தார். முகத்தில், பிறகு கையில்.
"நேத்து ராத்திரி இங்கதான் இருந்தியா?"
செல்வி அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தலையாட்டினேன்.
"சரி. நேத்து மொத பஸ் கண்டக்டரு நம்ம மாப்ளதான். கேட்டுக்கிருவோம்."

போய்விட்டார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. சாத்தப் போன செல்வியை அவள் அம்மா தடுத்துவிட்டார். சாத்தினால் பயந்துவிட்டோம் என்று தெரிந்துவிடுமாம்.