தட்டு வராத கூட்டம்

கொல்லிமலை
ஐப்பசி மாதம், விடாத மழை

அன்பு மகன் கார்த்திக்கு அம்மா எழுதுவது. எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நீ அந்த வடக்குக் காட்டில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல், வேளைக்கு ஏதாவது சாப்பிட்டு, ராத்திரிக் காவலில் பூச்சி பொட்டு அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்கிறேன். போனில் பேசாமல் என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். கடுதாசி என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்.

மலையிலேயே அந்தப் பக்கம் பைல் நாட்டில் கட்டிக்கொடுத்த உன் அக்கா கோகிலாவுக்குத் தை மாதம் பிரசவம், கால் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள் என்றால் கேட்கிறாளா, அவளும் உன் அப்பாவின் பிள்ளைதானே. காரவள்ளி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று போனதால் மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கொல்லையிலேயே கிடக்கிறது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரிக் கன்று, அதைப் பார்த்துக்கூட உன் அப்பா சிரிக்கவில்லை. அவர் சிரித்தே மாசக்கணக்காகிறது. நம் ஊற்றும் மேய்ச்சலும் இருக்கிற ஊத்துக்காடு கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும், எப்படிப் போகிறது என்று தெரியாது, அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

சுதந்திர தினத்தன்று கிராம சபைக் கூட்டம் போட்டார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, நாற்காலி எல்லாம் போட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடபுடல்தான். மலைக்குக் கீழே இருக்கிற கம்பெனி ஒன்று ஊத்துக்காட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப்போகிறது, ரோடு வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும், அதற்குக் கிராம சபை சம்மதிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு தாளைப் படித்தார். ஊத்துக்காட்டுத் தண்ணீர் இல்லாவிட்டால் நம் வயலில் என்ன விளையும், மாடுகளை எங்கே மேய விடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களில் ஒருவருக்கும் அதில் இஷ்டமில்லை, தெரிந்துகொள். அப்படியிருந்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. என்னடா இது என்று நீ கேட்பாய், அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சின்ன வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து அப்படியே படைக்குப் போய்விட்டாய், கல்யாணமாகாதவர்களை நம் ஊர்க்கூட்டத்தில் உட்கார வைப்பதும் இல்லை, அதனால் உனக்கு இது தெரியாது. நம் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக, எனக்குச் சம்மதமில்லை என்று சொல்லமாட்டோம், அது யோசனை சொன்னவரை அவமானப்படுத்துகிற மாதிரி. பேச வேண்டியதைப் பேசி முடித்ததும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். ஒத்துக்கொண்டவர்கள் ஒரு வெற்றிலை எடுப்பார்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் கையை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள், தட்டு அவர்களைத் தாண்டிப் போய்விடும். பொம்பளைகள் பக்கமும் தட்டு வரும். எடுக்காத வெற்றிலை நிறைய மிஞ்சினால் அந்த விஷயம் அதோடு முடிந்தது, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தட்டைச் சுமக்கிற முறை உன் அப்பா வீட்டாருக்கு. அன்றைக்கும் குளித்து, வேட்டி மாற்றி, தட்டைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டுதான் வந்தார். இது சர்க்கார் கூட்டம், இதெல்லாம் வேண்டாம் என்று யாரோ சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அதிகாரி படித்து முடித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். நாங்கள் தட்டைப் பார்த்தோம். அது உன் அப்பா மடியில் இருந்தது. பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் சும்மா இருந்தோம், நானும்தான். அதற்குள் நாற்காலியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், ஜன கண மன பாடினார்கள், முடிந்தது. வருகைக்கு என்று முதலிலேயே வாங்கிய கையெழுத்து எல்லாம் சம்மதத்துக்கும் சேர்த்து என்று ஆகிவிட்டது.

நம்மிடம் மிளகு வாங்குகிற சேந்தமங்கலம் பீர் முகமது பாய்தான், விஷயம் கேள்விப்பட்டு, தன் மகள் காமிலாவிடம் எங்களைக் கூட்டிப் போனார். அந்தப் பெண் நாமக்கல்லில் வக்கீலாக இருக்கிறது. நல்ல பெண், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தது. காட்டில் இருக்கிறவர்களுக்காக டெல்லியில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களாம், வன உரிமைச் சட்டம் என்று, இரண்டு சபையிலும் நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு வந்த சட்டமாம், நம் ஊர் ஒத்துக்கொள்ளாமல் நம் காட்டை எடுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். டெல்லியில் எப்படிக்கா ஒத்துக்கொள்வார்கள் தெரியுமா என்று அதுவே சொல்லிற்று. மசோதாவைப் படித்துவிட்டு, ஆதரிக்கிறவர்கள் ஆம் என்றும் எதிர்க்கிறவர்கள் இல்லை என்றும் சத்தமாகச் சொல்வார்களாம், எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று சபாநாயகர் காதால் கேட்டே முடிவு சொல்வாராம், யாராவது தகராறு பண்ணினால்தான் ஓட்டை எண்ணுவார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் இருக்கிறவர்கள் உட்கார்ந்து போட்ட சட்டத்தை எங்களை மாதிரி ஆட்கள் கையில் கொடுத்தால் நாங்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வோம். அரசியல் சட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி உரிமை இருக்குதுங்க்கா, ஆனா வாய் விட்டுக் கேட்டாத்தான் கிடைக்கும் என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய் தொறக்காதவங்களுக்கும் சேத்தித்தானே அதை எழுதியிருப்பாங்க சாமி" என்று கேட்டேன். அது பேனாவை எடுத்து, அதைத்தாங்க்கா கேக்கப் போறேன் என்று மனு எழுத ஆரம்பித்தது.

மனுவின் மேல் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நாங்கள் மறுத்தோம் என்று ஊர்க்காரர்கள் வந்து சொல்ல வேண்டும். செங்கோடன் சித்தப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் மகனைக் கம்பெனிக்காரர்கள் வாட்ச்மேனாக வைத்துக்கொண்டதும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, பையன் கல்யாணத்துக்கு நிற்கிறான். கடைசியில் போனது நாங்களும் இன்னும் நாலைந்து வீட்டாரும்தான். முதலில் உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் பேசிய பிறகு பேசலாம் என்று நாங்கள் எல்லாரும் அவர் முதுகைப் பார்த்தபடி நின்றோம். கூட்டத்தில் நீங்கள் எதிர்ப்புத் தெரிவித்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், காமிலா அத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியது. உன் அப்பாவுக்குத்தான் பொய் சொல்ல வராதே. "நானு ஒண்ணும் சொல்லலீங்க. தட்டு சுத்தி வரலீங்க" என்றார். விசாரித்த அதிகாரி சிரித்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, என்னவென்று புரியாமல் சிரித்தார், ஆனால் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். அவர் ஒன்றைச் சொன்ன பிறகு மற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள். மனு தள்ளுபடி. வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றுகொண்டு, நான் ஏதாவது தப்பாச் சொல்லிப்புட்டனா கண்ணாயி என்று என்னைக் கேட்டார் பார், எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. இல்லீங்க, உள்ளதைத்தான் சொன்னீங்க என்றேன். வேறு என்ன சொல்ல.

இப்போது ஊத்துக்காட்டில் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டார்கள், ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி. மாடுகள் பழக்கத்தில் அங்கே போய் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகின்றன. காமிலா சென்னை ஐகோர்ட்டில் போட்டுப் பார்க்கலாம் என்கிறது, ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் அதுவே சொல்கிறது. உன் அப்பா தட்டைச் சாக்கில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுகிறார், போடாவிட்டால் கேட்பதில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன், அத்தனை தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசைக் கெடுப்பானேன் என்று விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் நீ போன் பண்ணினாய். எங்களைப் பாதுகாப்புக்கு என்று ஒரு ஊருக்கு அனுப்பினார்கள், அங்கே சுரங்கம் தோண்டக் கிராம சபை கூடியது என்றாய். அந்த ஊர்ப் பேரைக்கூடச் சொன்னாய், என் வாயில் நுழையவில்லை. துப்பாக்கியோடு சுற்றிலும் நின்றோம், சண்டை வரும் என்று பயந்தோம், "ஒரு வம்பும் இல்லம்மா, நல்ல சனங்க, வாயே தொறக்காம ஒத்துக்கிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அப்போதுதான் லைன் கட்டானது. சிக்னல் போகவில்லை கண்ணு, நான்தான் வைத்துவிட்டேன்.

அவர்கள் ஊரில் என்ன முறையோ எனக்குத் தெரியாது. வெற்றிலையோ, அரிசியோ, ஒரு பிடி மண்ணோ, ஏதாவது ஒன்று சுற்றி வரும் என்று அவர்களும் காத்திருந்தார்களோ என்னவோ. உன் அப்பாவை மாதிரி ஒரு மனுஷன் அங்கேயும் மடியில் எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்று நீ பார்த்தாயா? உன்னை வேலையை விடச் சொல்லவில்லை, மேலதிகாரியை எதிர்த்துப் பேசவும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட்டு இங்கே நான் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. நாளைக்கு யாராவது விசாரணை என்று வந்து, அந்தக் கூட்டத்தில் ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று உன்னைக் கேட்டால், ஒத்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒன்றும் சொல்லவில்லை என்று சொல். உன் அப்பா சொன்ன மாதிரி உள்ளதைச் சொல், அது போதும்.

மலைக்காய்ச்சல் மாத்திரையை மறக்காமல் போடு, ஈரச் சாக்ஸோடு தூங்காதே, பொங்கலுக்கு லீவு கிடைத்தால் முன்கூட்டியே சொல். அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் உன் முன்னும் பின்னும் நின்று காப்பாற்றட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடுதாசிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, எழுத வேண்டாம். ஆனால் நீ பேசாமல் இருப்பதால் சரி என்று சொல்லிவிட்டாய் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன், மறுபடியும் கேட்பேன்.

உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
சி. கண்ணாயி