புதிய கோமகனின் பாதி முகம்

இராஜாக்கமங்கலம்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பெமிலா அக்காவுக்கு,

ஜினி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எல்லாரும் சுகம். உனக்கும் ஆஸ்பத்திரி வேலை நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். ஜாஸ்பின் சித்தி நாளை மஸ்கட் திரும்புகிறார்கள். மறுநாளே உன்னைப் பார்ப்பார்களாம். அம்மா உனக்குக் கட்டிவைத்த ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் இதை வைக்கிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, வீடே கேட்கும். இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள்.

லீவுக்கு வந்தபோது என்னோடு பார்த்தாயே, ரத்தம் குடிக்கிற கோமகன் தொடர், அதில் கோமகனாக நடித்த பழைய நடிகர் விலகிவிட்டார். புதியவர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. நான் ரகசியமாக நடத்தும் ரசிகர் பக்கத்தில் இதே பேச்சுதான். பல்லைக் காட்டாமல் சிரிக்கிற அந்தச் சிரிப்பு புதியவருக்கு வருமா என்று ஒரு கூட்டம். வரவே வராது என்று இன்னொரு கூட்டம்.

அங்கே ஒருவர், டப்பிங் ஸ்டுடியோவில் வேலை என்று சொல்லி, புதிய கோமகனின் பாதி முகப் படம் அனுப்பினார். தாடையும் ஒரு கோரைப்பல்லும் மட்டும். மீதியைச் சனிக்கிழமை வட்டக்கோட்டையில் நேரில் காட்டுகிறேன், வா என்றார். முடியாது என்று எழுதினேன். உடனே நம் சபையின் பெயரைப் போட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து எந்த வாசல் வழியாக வருவாய் என்று கேட்டார்.

நான் ஊர்ப்பெயரை எங்கும் எழுதியதில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன். நான் வரைந்த கோமகனைச் சுவரில் ஒட்டி போட்டோ எடுத்துப் போட்டிருந்தேன். பக்கத்திலேயே சபைக் காலண்டர், போதகர் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில். நம் வீடுகளில் அது சுவரோடு சுவராக இருப்பதால் என் கண்ணில் படவில்லை.

நான் போகமாட்டேன். ஆனால் அதே ரசிகர் பக்கத்தில் இருக்கும் என் வகுப்பு நந்தனாவையும் அந்த ஆள் கூப்பிட்டிருக்கிறான். அவள் போகிறாள். அஞ்சுகிராமத்தில் மாமா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு அங்கிருந்து போவாளாம். காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். “ஏட்டி, ரத்தம் குடிக்குதவன நெனச்சு கனவு காணுத, ஒரு சாதா மனுசனுக்கா இந்த நடுக்கம்?” என்று சிரிக்கிறாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் தெரிந்தால் அவள் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அதுவும் உண்மை.

இன்று குடும்ப ஜெபத்தில் அம்மா, “ஜினி மக்கா, ஒனக்கு என்ன விண்ணப்பம்?” என்று கேட்டாள். கணக்குப் பரீட்சை என்றேன். அதற்காக அம்மா நெடுநேரம் ஜெபித்தாள்.

அக்கா, படித்தவுடன் அம்மாவிடம் தனியாகப் பேசு. எல்லாவற்றையும் சொல். நந்தனா வீட்டில் எப்படிப் பேசினால் படிப்பு நிற்காது என்று அம்மாவுக்குத் தெரியும். என் பக்கத்தை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று, புது நடிகர் யார் என்று அறிவிக்கிற நாளில்கூட நந்தனா என்னோடு பேசமாட்டாள். அவள் வகுப்பில் இருந்தால் போதும்.

நைட் டியூட்டியில் ஆண்டவர் உன் கூட இருப்பார். நீ ஜெபிக்கும்போது என் பெயரை விட்டாலும் நந்தனாவின் பெயரை விட்டுவிடாதே.

உன் தங்கை,
ஜினி