இரண்டு தரம் கூப்பிட்டேன்

ஜூன் 4

அன்புள்ள பஸ்கார அண்ணாவுக்கு,

விமானக் கம்பெனி விடுதியில் அறை நன்றாகவே இருக்கிறது. நாம் வைத்துப் பழகிய காக்பிட் படத்தை, விமானி அறைப் படத்தை, சுவரில் ஒட்டிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் கேப்டனாக உட்கார்ந்து, கொட்டாவி விட்டபடியே சரிபார்ப்புப் பட்டியல் படிக்க நீதான் இல்லை. சீருடை வந்துவிட்டது. கை நீளம், அண்ணி இங்கே இருந்தால் மடித்துத் தைத்திருப்பார்.

இன்று ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து விமானியை இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் வரவில்லையென்றால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நாமே ஓட்ட ஆரம்பித்துவிட வேண்டும். யோசிக்கவே கூடாதாம். அடுத்த மாதம் பயணிகளோடு முதல் முறை பறக்கிறேன்.

உன் வாலு

ஜூன் 10

அன்பு வாலு,

நீ விமானி ஆகிவிட்டதாக உன் அண்ணி தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

போனில் சொன்னால் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள், உன் பட்டியலைப் படிக்கும்போது நான் "சக்கரம்?" என்று கேட்டேன். நீ "இறக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கண் திறந்தே இருந்தது. விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. "ஏய், விளையாடாதடி!" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "ம், அடுத்தது படிண்ணா" என்றாய், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதற்கு முன்னால் சமையலறையில், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாயாம், அண்ணி சொல்கிறாள். கம்பெனி டாக்டரிடம் சொல்லிவிடு, கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்

ஜூன் 15

அண்ணா,

தூங்காமல் படித்தவள் அப்படித்தான் இருப்பாள். மருத்துவப் பரிசோதனையில் தேறித்தானே இங்கே வந்திருக்கிறேன்? வலிப்பு கிலிப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. சின்ன வயதிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் ஆசை என்று உனக்குத் தெரியாதா? பேசாமல் உன் பஸ்ஸை ஓட்டு. யாரிடமாவது சொன்னாயோ, உனக்குத் தங்கச்சியே கிடையாது.

வாலு

ஜூன் 19

வாலு,

கோபம் புரிகிறது. நீயே போய்ச் சொல்லிவிடு. லீவு போட்டுவிட்டு நானும் கூட வருகிறேன். பதில் எழுது.

அண்ணன்

ஜூன் 26

வாலு,

போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

ஜூலை 2

என் தங்கச்சிக்கு,

இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டேன். பதில் இல்லை.

இன்று காலை உன் கம்பெனி டாக்டரை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க யாரு?" என்று கேட்டார். "அவ அண்ணன்தாங்க" என்றேன். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நம்பி உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், கண்ணு. அவர்களோடு நீயும் அதே விமானத்தில்தானே இருப்பாய்.

அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். வலிப்புதான், கை கால் இழுக்காமல் கொஞ்ச நேரம் நினைவு மட்டும் போகிற வகையாம். அங்கே படுத்திருக்கும்போதே ஒரு தரம் வந்ததாம், எனக்குத் தெரியவில்லை. வேலை போய்விட்டது. இனி எந்த விமானத்தையும் ஓட்ட விடமாட்டார்கள்.

நீ செய்தது சரி. தப்பாக இருந்திருந்தால் சண்டை போட்டு, அழுது, சமாதானமாகியிருப்பேன். இப்போது உன் முகத்தில் எப்படி முழிப்பது என்றே தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், அண்ணியிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். வேறு ஊரில் அறை பார்த்திருக்கிறேன். விலாசம் தர மாட்டேன்.

இனி நீ எத்தனை தரம் கூப்பிட்டாலும் பதில் வராது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நினைவோடுதான் இருப்பேன்.